சாணை பிடித்த கல்

எங்கள் மேட்டைக் குப்பைமேடு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். குப்பை பிறகு வந்தது. லாரி கொண்டுவந்து கொட்டினது. அதற்கு முன்னால் அது மேடு. நாங்கள் இருந்த மேடு.

இப்போது அங்கே கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே மரம், பறவை, நடந்துபோகப் பலகைப் பாதை. வாசலில் பெரிய போர்டு. இது பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம், இன்னின்ன கொக்கும் நாரையும் வரும், ஆதி மனிதர்கள் கல்லாயுதங்களோடு இங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. ஆதி மனிதனுக்கும் கொக்குக்கும் நடுவில் முப்பது குடும்பம் அந்த மண்ணில் அடுப்பு மூட்டியதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பின்னால் எங்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். கேட்டு, மறித்து, சண்டைபோட்டு வாங்கின இடம். அதற்காகப் பழைய இடத்தில் நாங்கள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுமா? போர்டில் விட்டுப்போன அந்த ஒரு வரியைத்தான் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அறுபதுகளில் தாராவியின் வடக்கு ஓரம் சேற்றில் போய் முடியும். அதற்கப்பால் கழி. பம்பாய்க்காரர்கள் காடி என்பார்கள். கடல் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே வரும், இரண்டு தடவை திரும்பிப் போகும். வரும்போது கண்டல் செடிகள் கழுத்தளவு முங்கி நிற்கும். வடிந்துபோனால் அவற்றின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். நண்டு ஓடும், கொக்கு அதன் பின்னாலேயே நடக்கும். இதற்கு நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு எங்கள் மேடு. மழைக்காலத்தில் மூன்று பக்கமும் தண்ணீர் ஏறினாலும் மேட்டின் மேல் அடுப்பு நனையாது. கீழே இருக்கிற குடிசைக்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள்.

மேட்டில் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பாதிப்பேர் என்னை மாதிரித் தோல் கம்பெனியில் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலைச் சாய்ந்த கட்டையில் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையைச் சுரண்டி எடுக்கிறது என் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. "நம்ம வாசன நமக்கு முன்னால பஸ்ல ஏறி சீட்டுப் புடிச்சிரும்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். ஜனங்கள் வாயில் இப்படி வந்து விழுகிற பேச்சைச் சேர்த்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பழைய பேப்பரிலும் மனுஷர் வாயிலும்தான்.

மேட்டு உச்சியில் எங்கள் மாடனுக்கு ஒரு பீடம் இருந்தது. எங்கள் வழக்கப்படி, புது இடத்தில் சாமி வைக்க வேண்டுமென்றால் ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவர வேண்டும். பிடிமண் என்போம். எங்கள் மாடன் ஒரு பவுடர் டப்பாவில் ரயிலேறி வந்தவர்.

ஒரு பங்குனி மாதம், செம்பூர்ப் பக்கமிருந்து இடித்த கட்டடக் கல்லும் மண்ணுமாக லாரிகள் வரத் தொடங்கின. கழியை நிரப்பிச் சமதளமாக்க யாரோ ஒரு கான்ட்ராக்டர் ஏற்றிருந்தார். அவரை நாங்கள் கண்டதில்லை. அவருடைய மேஸ்திரியைத்தான் கண்டோம். தலையில் தொப்பி, கையில் குடை, வாயில் பான். அந்த ஆள் பேச ஆரம்பித்தால் லாரி ரிவர்ஸில் வருகிற மாதிரி இருக்கும், எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"மழைக்கு முன்னால இந்த மேட்டை வெட்டி அந்தச் சேத்துல போடணும். காலி பண்ணுங்க" என்றார் இந்தியில்.

"காலி பண்ணிட்டு எங்க போக?" என்று நான் கேட்டேன்.

"வந்த ஊருக்குப் போ. நேத்து வந்தவன்தானே நீ. மதராசிக்கு பம்பாயில என்ன மேடு, என்ன பள்ளம்?"

அந்த நாளில் அது ஊரெங்கும் ஓடின பேச்சு. பஸ்ஸில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போயிருந்தது. ஆனாலும் என் வாசலில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அந்தச் செம்பை வாங்கி, அவர் எதிரிலேயே சாம்பல் போட்டு மூன்று தடவை விளக்கினாள்.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், தண்ணீர்ப்பானை ஆடாமல் இருக்கக் குடிசைக்குள் பள்ளம் தோண்டினபோது என் வீட்டுக்காரிக்கு அது கிடைத்தது. பனங்கற்கண்டு நிறம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் அகலம். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் கூர்.

"இங்க பாருங்க, மீன் செதிலு தன்னால உதிருது" என்றாள்.

எனக்கு அதைப் பார்த்ததும் மீன் நினைவு வரவில்லை, தோல்தான் நினைவு வந்தது. பெரிய கத்தி காது ஓரத்திலும் கால் மடிப்பிலும் நுழையாது. அங்கேதான் சதை ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மறுநாள் கல்லைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் தானாகவே போய் ஒரு குழியில் உட்கார்ந்தது. மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சதையைத் தள்ளியது. தோல் கிழியவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு தரம் வாங்கிப் பார்த்தார்கள். "வே, இத எந்தக் கடையில வாங்கினீரு?" என்று கேட்காத ஆள் இல்லை.

கருவி என்று கையில் வந்தால் தோல்காரன் முதலில் என்ன செய்வான்? தீட்டுவான். நானும் செய்தேன். கத்தி தீட்டுகிற சாணைச் சக்கரத்தில் வைத்துப் பிடித்தேன். இரும்பைவிட அதிகமாகப் பொறி பறந்தது. ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதை வைத்து வேலை செய்தேன். வெளியே போனாலும் சட்டைப்பையில் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு நடந்து போவேன். அங்கே ஒரு வாசகசாலை. தமிழ்ப் பேப்பர் ஓசியில் படிக்கலாம். உள்ளே இருக்கிறவர்கள் ஆபீஸ்காரர்கள். என் வாடைக்காக நானே கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். மேலே காற்றாடி சுற்றும், பேப்பர் பறக்கும். கல்லை எடுத்து அதன்மேல் வைப்பேன். மேஸ்திரி வந்து போன வாரமும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

எதிரே இருந்த மனிதர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒரு கல்லூரியில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். என்னிடம் அதற்கு முன்னால் அவர் பேசினது "அந்தப் பக்கம் முடிஞ்சுதா?" என்பது மட்டும்தான்.

"ஓய், அந்தக் கல்லைக் கொஞ்சம் காட்டும். எங்கே கிடைச்சது உமக்கு?"

"எங்க வீட்டுல, பானைக்குக் கீழ."

"வீடு எங்கே?"

"தாராவி கழியில, மேட்டு மேல."

"இந்த மாதிரிக் கல்லைப் பத்தி மூணு காப்பி டைப் அடிச்சுக் கை நொந்துபோயிருக்கேன். எங்க காலேஜ்ல ஒரு அம்மா இதையேதான் தேடிண்டிருக்கா. கடலோரம் பூரா அலையறா. இது வீட்டுப்பானைக்குக் கீழே கிடக்கறதா?"

கல்லாயுதம் என்றால் என்ன, அதைச் செய்தவர்கள் எவ்வளவு காலத்துக்கு முந்தினவர்கள் என்று அவர் டைப் அடித்த மட்டுக்கும் சொன்னார். இரும்பு வருவதற்கு முன்னால், நெல் வருவதற்கு முன்னால் என்றார். எனக்கு மேஸ்திரியின் பான் வாய் கண்முன்னால் வந்தது. நேத்து வந்தவன்!

"சார், அந்த அம்மா ஒரு எழுத்து எழுதிக் குடுத்தா லாரி நிக்குமா?"

"நிக்கலாம். அவா எழுதினா மேலே இருக்கறவா படிப்பா."

நாலு நாள் கழித்து அந்த அம்மாள் வந்தார். மராத்திக்காரர். நாற்பது வயதிருக்கும். புடவையை முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டு சேற்றில் எங்களைவிட வேகமாக நடந்தார். பின்னால் டைப்பிஸ்ட் சார், மூக்கில் கைக்குட்டையோடு, கால் வைக்க இடம் தேடித் தேடி வந்தார். என் வீட்டுக்காரி என் காதில், "சாரு கொக்கு மாதிரியே வாராரு, நண்டு மட்டுந்தான் பாக்கி" என்றாள்.

அம்மாள் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. ஓரத்துக்கு வந்ததும் சுருங்கியது.

"பாவு, இதை யார் தீட்டினது?" என்று இந்தியில் கேட்டார். பாவு என்றால் மராத்தியில் அண்ணன்.

"நான்தான். சாணையில வச்சு. நல்லா வந்திருக்குல்ல?" என்றேன், பெருமையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். ஒரு கருவி என்ன வேலை செய்தது என்று அதன் ஓரம் சொல்லும். நீங்கள் அந்த ஓரத்தையே அழித்துவிட்டீர்கள். இதைக் காட்டி எழுதினால், எங்கேயோ எடுத்துத் தேய்த்தது என்று தள்ளிவிடுவார்கள். கலையாத மண்ணுக்குள் கிடக்கிற மாதிரியே ஒன்று வேண்டும்.

குடிசைக்குள் எல்லாம் நாங்கள் ஏற்கெனவே தோண்டிப் புரட்டியிருந்தோம். அடுப்பு, பானை, கம்பம். மேடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு அவர் ஒரே இடத்தில் நின்றார். மாடன் பீடத்துக்கு முன்னால்.

அன்று சாயங்காலம் மேட்டு ஜனம் பூராவும் கூடியது. மாடனுக்குப் பூசை வைக்கிற அண்ணாச்சி சுண்ணாம்புக் குழியில் வேலை பார்ப்பவர். கை இரண்டும் வெந்து வெளுத்திருக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் வெந்தேன்.

"கல்ல நீரு தீட்டுவீரு. அதுக்கு மாடன் எடத்தக் காலி பண்ணணுமாவே? அந்த மேஸ்திரியும் இதத்தான சொன்னான்?"

அவர் கேட்டது நியாயம். நான் கெடுத்த காரியத்துக்குச் சாமியை நகர்த்தச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரிதான் எழுந்தாள். "அண்ணாச்சி, ஊர்ல இருந்து மாடன் எதுல வந்தாரு?"

"பவுடர் டப்பாவுல. அதுக்கென்ன இப்ப?"

"தாதர் வரைக்கும் டப்பாக்குள்ள உக்காந்து வந்தவரு, நாலு எட்டு தள்ளி உக்கார மாட்டாரா? பீடத்துல ஒரு பிடி எடுப்போம், பக்கத்துல வைப்போம். லாரி வந்து வெட்டினா அந்த ஒரு பிடியும் கெடைக்காது பாத்துக்கிடுங்க."

கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலைந்து இருந்தன. அதில் ஒரு அக்கா, "எங்க ஆளு எங்கனாலும் இருந்துக்கிடுவாரு. உங்க ஆளத்தான் கேட்டுக்கிடணும்" என்றாள். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு எட்டுதான?" என்றார். "அஞ்சாவது எட்டு வச்சிய, நான் பொறுப்பில்ல."

மறுநாள் குளித்து, அதே டப்பாவைக் கழுவி, பீடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, எண்ணி நாலு எட்டில் கிழக்கே வைத்தார். பிறகு அவரே செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அடுக்கினார்.

மூன்று நாள் காலையில் அம்மாள் தோண்டினார். தோண்டினார் என்றால் மண்வெட்டியால் இல்லை. கரண்டி மாதிரி ஒன்று, பிறகு பிரஷ். எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுத்தது. "அம்மா, தள்ளுங்க, அரை மணி நேரத்துல தண்ணி பாத்துருவோம்" என்றான் ஒருத்தன். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார். மேலே சிவந்த மண். இடுப்பளவு போனதும் கறுப்பாக ஒரு பட்டை. சாம்பல், கருகின சிப்பி, கல் சிதறல். அடுப்பு! பார்த்ததுமே பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. "மூணு கல்லும் நம்ம வைக்கிற மாதிரியே வச்சிருக்கா பாருடி" என்று ஒருத்தி குனிந்து பார்த்துச் சொன்னாள். வைத்தது பெண்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அந்த அடுப்புக்குப் பக்கத்தில், சாம்பலில் பாதி புதைந்து, என் கல்லோடு கூடப்பிறந்த மாதிரி ஒன்று கிடந்தது. சாணை பார்க்காதது.

அம்மாள் அதை எடுக்காமல், கிடந்த மேனிக்கே படம் வரைந்தார். அதற்குப் பிறகுதான் எடுத்து லென்ஸில் பார்த்தார். ஓரத்தில் மங்கலாக ஒரு மினுக்கம் இருக்கிறது, இது எதைச் சுரண்டியது என்று தெரியவில்லை, மரமோ எலும்போ என்றார்.

"என் கல்லை இப்பப் பாருங்க" என்றேன். "தீட்டின பிறகு நான் மாசக்கணக்கா வேலை செஞ்சிருக்கேன்."

பார்த்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். என் கல்லின் ஓரத்திலும் அதே மினுக்கம். "பாவு, ஒரு தோல் கொண்டுவர முடியுமா?"

ஓடிப்போய்க் கம்பெனியிலிருந்து ஒரு ஆட்டுத்தோல் கொண்டுவந்தேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே குந்தி, கால் மடிப்பைச் சுரண்டிக் காட்டினேன். டைப்பிஸ்ட் சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார். அம்மாள் என் கட்டைவிரல் உட்காருகிற இடத்தைப் பார்த்தார். பழைய கல்லிலும் அதே இடத்தில் குழி. நோட்டில் ஏதோ எழுதினார். என்னவென்று சாரிடம் கேட்டேன்.

"தோல்னு எழுதியிருக்கா. பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கா" என்றார்.

கேள்விக்குறியோ என்னவோ. எனக்கு அது போதும்.

நாலாம் நாள் காலை, அம்மாள் வருவதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது. பின்னால் மண்வெட்டிகளோடு பத்துப் பன்னிரண்டு ஆள். மேஸ்திரி குடையை நீட்டி உச்சியைக் காட்டினார். நான் கம்பெனிக்குக் கிளம்பி நின்றவன், என்ன நினைத்தேனோ தெரியாது, நேராகப் போய் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டேன். கறுப்புப் பட்டையை மிதிக்காமல், ஓரமாக.

"வெளிய வா" என்றார் மேஸ்திரி.

"வர முடியாது. வெட்டுறதுன்னா என்னோட சேத்து வெட்டு." என் இந்தி பாதி தமிழ். கோபம் வந்தால் முக்கால் தமிழ். "நேத்து வந்தவன்னு சொன்னியே, இங்க எறங்கிப் பாரு. எனக்கு முன்னால இங்க ஒருத்தன் தோல் சுரண்டிக்கிட்டு இருந்திருக்கான். அடுப்பு வச்சிருக்கான். அவன் எந்த ஊருக்குத் திரும்பிப் போவான்? நீயே சொல்லு."

"அவன் உன் சொந்தக்காரனா?"

"சொந்தக்காரன் இல்ல. ஒரே கம்பெனிக்காரன்!"

மண்வெட்டிக்காரர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே. லாரி டிரைவர் இன்ஜினை அணைத்தான். அதற்குள் மேட்டுப் பெண்கள் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அரிவாள்மணையோடு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள் ஒருத்தி. அண்ணாச்சி புதுப் பீடத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி மேலிருந்து ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "எறங்கின எடத்துலயே இருங்க. கஞ்சி இங்கயே வரும்."

அப்படி நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது, அது மட்டும் நினைவிருக்கிறது. தூரத்தில் இரண்டு பேர் சேற்றில் வருவது தெரிந்தது. பின்னால் அம்மாள், முன்னால் வந்தது டைப்பிஸ்ட் சார். மூக்கில் கைக்குட்டை இல்லை. அந்தக் கையில் ஒரு கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேறாக, கிட்டத்தட்ட ஓடி வந்தார். ஆராய்ச்சி முடிகிறவரை மேட்டைத் தொடக்கூடாது என்று கல்லூரியிலிருந்து எழுத்து, மேலதிகாரி ஒருவர் கையெழுத்தோடு.

மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க முதலாளி படிப்பாரு" என்று மடித்து வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லாரிகள் மேற்குப் பக்கத்தில் கொட்டின. அந்தப் பக்கத்துக் கண்டல் முழுக்க மூடிப்போயிற்று, பாதிக் கழி போயிற்று. அதை எங்களால் தடுக்க முடியவில்லை. மேடு நின்றது. ஆனி மாதம் மழை இறங்கி மூன்று பக்கமும் தண்ணீர் ஏறினபோது முப்பது அடுப்பும் எரிந்தன.

மழை விட்டதும் அம்மாள் கல்லையெல்லாம் கல்லூரிக்குக் கொண்டுபோனார். என் கல்லையும் கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதுகிற அன்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். சார் டைப் அடித்தபடியே எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். என் கல்லுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிற்காலத்தில் சேதப்படுத்தப்பட்டது."

"சேதமா? தீட்டினதுன்னு போடுங்க."

"ஓய், ஆராய்ச்சியிலே அப்படித்தான் போடுவா. உம்மைத் திட்டலை."

"சார், முதல்ல செஞ்சவனும் தட்டித் தட்டித்தான் ஓரம் எடுத்திருப்பான். மழுங்கினா மறுபடி தீட்டியிருப்பான். அவன் பண்ணினா ஆயுதம், நான் பண்ணினா சேதமா? அந்த அம்மாகிட்டக் கேளுங்க."

சார் கேட்டார். அம்மாள் என் கல்லை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, சார் பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் செருகி அடித்தார். அடித்து முடித்து எனக்குப் படித்தார்: "மறுபடியும் தீட்டப்பட்டு, தோல் வேலைக்குப் பயன்பட்டது. தாராவி." பெயர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அந்த முதல் ஆளுக்கும் பெயர் போடவில்லையே என்றேன். மூன்றாவது கார்பன் காப்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்குப் போனேன். சார் தன் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினார். ஜன்னலோரம் போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். காற்றாடி சுற்றியது, பேப்பர் எழும்பியது. பையில் கையை விட்டேன், கல் இல்லை. பக்கத்தின் நடுவில், வெளியூர்க்காரர்கள் பம்பாயை விட்டுப் போகவேண்டும் என்று யாரோ மேடையில் பேசின செய்தி. முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, பக்கத்துச் செய்தியைப் படித்தேன்.